அறுபது டிகிரியில் ஒரு ஸ்வெட்டர்

சுன்னிவா ஸ்வெட்டரின் இரண்டாவது கையையும் கத்தரித்து முடித்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்பட்டது.

மேசை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளித் துண்டுகள். நாளை மாலை எல்லோரும் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரிப்பார்கள். அம்மாவுக்குத் தபால்காரர் வேலை. பனியில் வீடு வீடாக நடந்து விரல்கள் மரத்துப்போய்த்தான் திரும்புவார். அதனால் இந்த வருடம் தன் கையாலேயே கையுறை செய்து கொடுப்பது என்று சுன்னிவா முடிவு கட்டியிருந்தாள்.

எப்படிச் செய்வது என்பதைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழைய கம்பளி ஸ்வெட்டரை அறுபது டிகிரி வெந்நீரில் துவைத்தால் சுருங்கித் தடித்துவிடும். பிறகு எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது.

ஸ்வெட்டருக்கு எங்கே போவது? அதுவும் இன்று காலையில் தானாகவே கிடைத்தது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், பனியில், அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. அம்மாடி, எவ்வளவு பெரிய ஸ்வெட்டர்! ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. யாரோ வேண்டாம் என்று எறிந்ததாக்கும் என்று நினைத்து, கீழ்த்தளத்துப் பொதுச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டாள்.

தம்பி சிந்த்ரே போய்க் கதவைத் திறந்தான். வாசலில் மேல் வீட்டு மாக்னே நின்றார். பேருந்து ஓட்டுகிறவர். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவார்.

“பசங்களா, ஒரு ஸ்வெட்டரைப் பாத்தீங்களா? சாம்பல் கலர். காத்தாடட்டும்னு நேத்து பால்கனிக் கம்பியில போட்டேன். காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு போல.”

சுன்னிவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று மேசையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“நானே பின்னினது. என் பொண்ணு இல்வாவுக்கு. பஸ்ஸை நிறுத்துற எடத்துல எல்லாம் உக்காந்து பின்னினேன்,” என்றார் மாக்னே. “வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்கிட்ட வரா. நாளைக்கு வந்துடுவா. பாத்தா சொல்லுங்க, என்ன?”

கதவு மூடியது. சிந்த்ரே மேசையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

“அக்கா, நீ அதைக் கொன்னுட்ட.”

“வாயை மூடுடா!”

“அடுப்புல போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

சுன்னிவா ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். மதியம் பன்னிரண்டு மணி. உலகின் வடகோடியிலிருந்த அந்த ஊரில் குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை; வெளியே கும்மிருட்டு. மாக்னே டார்ச் அடித்துக்கொண்டு, குப்பைத் தொட்டிக்குப் பின்னால் முட்டி போட்டு, வெறும் கையால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

அவளால் தாங்க முடியவில்லை. எல்லாத் துண்டுகளையும் வாரிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

“நான்தான் எடுத்தேன்! யாரோ தூக்கிப் போட்டதுன்னு நினைச்சு... துவைச்சுட்டேன். வெட்டியும் வெட்டிட்டேன்.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “மன்னிச்சிடுங்க!”

மாக்னே எழுந்து நின்றார். டார்ச் நழுவிப் பனிக்குள் புதைந்தது. கை இல்லாத ஸ்வெட்டரை வாங்கி, விளக்குக் கம்பத்துக்குக் கீழே விரித்துப் பிடித்தார். அவர் தோள்கள் குலுங்கின.

ஐயோ, அழுகிறாரே! சுன்னிவா பதறிப்போனாள்.

அழவில்லை. சிரித்தார்!

“இது இல்வா அளவு! அப்படியே இல்வா அளவு!”

“என்னது?”

“அவ அளவுக்குத்தான் பின்ன ஆரம்பிச்சேன். எங்கேயோ தப்பாயிடுச்சு. பின்னப் பின்னப் பெருசாகிக்கிட்டே போச்சு. எனக்கே தொளதொளன்னு நின்னுச்சு. ஏழு வயசுக் குழந்தைக்கு இதை எப்படிக் குடுக்குறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.”

சுன்னிவா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்வெட்டரை உற்றுப் பார்த்தாள்.

“ஆனா, கை ரெண்டும் போச்சே,” என்றார் மாக்னே.

“தெச்சிடலாம்! நூல் பிரியாது. நீளக் கையை இன்னும் கொஞ்சம் வெட்டினா ரெண்டும் சமமா வரும்.”

“இன்னும் வெட்டணுமா!” என்று அலறினார் மாக்னே.

அவர் வீட்டுச் சமையலறையில் சிவப்பு நூலால் தையல் நடந்தது. போட்டுப் பார்க்கச் சிந்த்ரே பிடித்து நிறுத்தப்பட்டான். கை நுழைந்தது. தலைதான் பாதியில் மாட்டிக்கொண்டது.

“காப்பாத்துங்க!” என்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து குரல் வந்தது. “மூச்சு முட்டுது!”

கழுத்தும் சுருங்கியிருக்கிறதே! சுன்னிவா மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். மாக்னே கண்ணை இறுக மூடிக்கொண்டார். தடித்த கழுத்துப்பட்டை வளையமாகக் கழன்று வந்தது.

“எனக்குப் பாக்கவே தெம்பில்ல. அதை நீயே வச்சுக்கோ,” என்றார்.

சுன்னிவா அந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, இழுத்துப் பார்த்தாள். கையுறைக்குப் போதாது. ஆனால், இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு சிவப்புத் துணியைச் சேர்த்துத் தைத்தால் அம்மாவின் காதுகளை மூட அருமையான பட்டை!

மறுநாள் மாலை அம்மா அந்தப் பட்டையை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு, காது கேட்காமல் எல்லோரிடமும் “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது மாக்னேயும் இல்வாவும் வந்தார்கள். ஸ்வெட்டர் அவளுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

“இது முழுக்க முழுக்க எங்கப்பா செஞ்சது!” என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள் இல்வா.

மாக்னே உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சுன்னிவா வேகமாகத் தலையாட்டி வேண்டாம் என்றாள்.

“ஆனா அப்பா,” என்றாள் இல்வா, “அடுத்த வருஷம் நான் வளந்துடுவேன்ல? இதைவிடப் பெருசா பின்னுவீங்களா?”

மாக்னே சுன்னிவாவைப் பார்த்தார். சுன்னிவா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பெருசாவா? அது எனக்கு நல்லாவே வரும், கண்ணு,” என்றார் மாக்னே.