பச்சை தெரியாத துளி

மரணம் என்பது ஒரு நிறம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று ஆய்வுக்கூடத்தின் இளம் ஆய்வாளன் அறுதியிட்டுச் சொல்லியிருந்தான். ஒளிரும் சாயங்கள் இரண்டு. ஒன்று உயிருள்ள செல்லுக்குள் பச்சையாக மின்னும். மற்றது செத்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து சிவப்பாக எரியும். ஆக, சாவின் மர்மம் இரண்டு குப்பிகளில் அடக்கம்.

அன்று மதியம் அவன் வளர்ப்புத் தட்டிலிருந்த செல்கள் மொத்தமும் சிவப்பு. காலையில் அவன் கை வைக்கும்வரை நன்றாகத்தான் இருந்தன. இரண்டு வருட உழைப்பு.

"சாயம் கெட்டுப்போயிருக்கும்க்கா."

"காலைல என் ரத்தத்துல போட்டுப் பார்த்தேனே, பச்சைப்பசேல்னு இருந்துச்சு," என்றார் டெக்னீஷியன் அக்கா. தினமும் விரலைக் குத்தி, தன் வெள்ளணுக்களில் சாயத்தைச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குவார்.

"உசுரோட இருக்கோமான்னு தினம் குத்திப் பார்க்கணுமா? வீட்டுல கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"எங்க வீட்டுல சந்தேகந்தான் தம்பி. நீ செல்லைக் கொன்னுட்டு சாயத்து மேல பழி போடாத," என்று சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்.

நுண்ணோக்கி அறையின் கறுப்புத் திரையை அவன் இழுத்துவிட்டதும் வெளியே இருந்த பட்டப்பகல் அப்படியே நின்றுபோனது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் ஏதோ இனிப்பாகக் கெட்டுப்போன வாடை அடிக்க, நுண்ணோக்கி விளக்கைக் குளிர்விக்கும் விசிறி யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல் இரைந்தது.

யாரும் பார்க்கவில்லை. விரலைக் குத்தினான்.

வலிக்கவில்லை. துளி தயங்கித் தயங்கி வந்தது. சாயம் கலந்து பத்து நிமிடம் காத்திருந்தான். பார்த்தான்.

வெள்ளணுக்கள் எல்லாம் சிவப்பு.

அக்கா காலையில் சோதித்த கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்தான். பச்சை. மறுபடி தன்னுடையது. சிவப்பு.

அடுத்த விரல். சிவப்பு. அதற்கடுத்தது.

"தம்பி, உள்ளயா இருக்க?" திரைக்கு வெளியே அக்கா.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பேச மூச்சு வேண்டும். கடைசியாக எப்போது இழுத்தான்?

"யாரும் இல்ல போல," என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

பத்தாவது விரலைக் குத்தினான்.

துளி வரவில்லை. அந்தத் துளையில் ஒரு சிவப்பு ஒளி எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே திரும்பி, தோலுக்கு அடியில், நிதானமாக, மணிக்கட்டைத் தாண்டி மேலே ஊர்ந்தது.