தொடாதீங்க அத்தே!

"தொடாதீங்க அத்தே!"

மருமகள் போட்ட கூச்சலில் அந்தக் காலைச் சமையலறையே அதிர்ந்தது. வெங்காயம் நறுக்கிய கத்தி விரலில் இறங்கி, ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. பதறிப் பிடிக்க வந்த மாமியாரை அவள் முழங்கையால் தள்ளிவிட்டாள்.

மாமியார் சுவரோடு சாய்ந்து நின்றாள். சோப்புத்தூளில் வெடித்துப்போன தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"நர்ஸம்மாவுக்கு என் கை அழுக்காப் போச்சு! ஆஸ்பத்திரியில யார் யாரையோ தொடுற... நான் தொட்டா மட்டும் ஆகாதா? தனிப் படுக்கை, தனி நகவெட்டி... எங்களப் பிடிக்கலைன்னா உங்கம்மா வீட்டுக்குப் போயேன்டி!"

சவரம் செய்துகொண்டிருந்த மகன் பாதி நுரையோடு எட்டிப்பார்த்தான். "என்கிட்டயே ஒரு மாசமா முகங்கொடுத்துப் பேசலம்மா. என்ன தப்பு பண்ணேன்னு தினம் யோசிக்கிறேன், பட்டியல்தான் நீளுது."

யாரும் சிரிக்கவில்லை.

மருமகள் விரலைக் குழாயில் காட்டினாள். குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக அவள் ஒளித்து விழுங்கிவரும் மாத்திரைகள் தினமும் செய்கிற வேலை அது. இனி அடக்க முடியவில்லை.

"போன மாசம் ஊசி குத்திடுச்சு அத்தே... ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி. அவருக்கு ரத்தத்துல கிருமி. போட்ட ஊசிய மறுபடி மூடக் கூடாதுன்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவளே நான்தான். அவரைப் பார்க்க வந்தவங்க குழந்தை ஊசித் தட்டுல கைய வெக்கப் போச்சு... அவசரத்துல மூடப்போய் என் விரல்ல ஏறிடுச்சு. இன்னிக்குத்தான் ரத்த டெஸ்ட் ரிசல்ட்டு. உங்க கையெல்லாம் வெடிப்பு, என் விரல்ல ரத்தம்... எப்படித் தொடவிடுவேன்?"

ரேசர் மகன் கையிலிருந்து நழுவியது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் மாமியார்.

"மாமா..." மருமகளின் கண் சுவரிலிருந்த அவர் படத்துக்குப் போனது.

மாமனார் அதே ஆஸ்பத்திரியில் குப்பை அள்ளியவர். பையைத் துளைத்து வந்த ஊசி காலில் ஏறியதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. ஈரல் கெட்டு வயிறு வீங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்தச் சாவை மாமியார் இன்னொரு முறை சுமக்க வேண்டாம் என்றுதான் மருமகள் வாய் திறக்காமல் இருந்தாள்.

மாமியார் உள்ளே போனாள். திரும்பியபோது கையில் ஒரு பெட்டி. மாமனாரைக் கவனித்துக்கொள்ள வாங்கி மிச்சமாகிப்போன கையுறைகள். எடுத்த முதல் கையுறை மட்கிக் கிழிந்தது.

"ஒண்ணுமேல ஒண்ணா போடுங்க அத்தே..."

போட்டுக்கொண்டாள். துணியை வைத்து விரலை இறுக்கிக் கட்டினாள்.

"அந்த மனுஷனும் என் நிம்மதி கெடக் கூடாதுன்னுதான் மறைச்சார்டி. சொல்லியிருந்தா முன்னாடியே வைத்தியம் பார்த்திருப்போமே... இப்ப நீயுமா?"

கட்டி முடித்ததும் கையுறைகளைக் கழற்றினாள். மருமகள் பின்வாங்கினாள்.

"கட்டிப்பிடிச்சா ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அவர் தலை என் மடியிலதான் இருந்துச்சு. வாடி இங்க!"

அந்தத் தோளில் சாய்ந்த பிறகுதான் மருமகள் வாய்விட்டு அழுதாள்.

"டேய், மிச்சத் தாடியையும் வழிச்சிட்டுக் கிளம்பு," என்றாள் மாமியார், அவளை விடாமல். "ரிசல்ட்டு என்னவா இருந்தாலும் இவ தனியா கேட்கக் கூடாது."