நாலுக்கு நாலு... அடியில் யார்?

ணங்! ணங்! ணங்...

சுத்தியல் சட்டென்று நின்றது.

"தங்கச்சி... கொஞ்சம் இங்க வாயேன்."

கொத்தனார் துகிமானின் குரல் சரியில்லை. வெனிங் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

குளியலறை என்று பேர்தான். வாசலை ஒட்டி நாலடிக்கு நாலடி! கக்கூஸ் பீங்கானும் அதற்குள்ளேதான், தண்ணீர்த் தொட்டியும் அதற்குள்ளேதான், துணி துவைப்பதும் அதற்குள்ளேதான். சோப்பு கீழே விழுந்தால் குனிந்து எடுக்கக் கதவைத் திறந்தாக வேண்டும். சுராபாயாவின் அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் இதே லட்சணம்தான். தொட்டியை உடைத்துவிட்டு ஷவர் வைத்தால் மூச்சுவிடவாவது இடம் கிடைக்கும் என்று வெனிங் நேற்று வேலையை ஆரம்பித்திருந்தாள். புருஷனையும் பிள்ளைகளையும் மாமியார் வீட்டுக்குக் குளிக்க அனுப்பியாகிவிட்டது. கொசுப்புழு தின்னத் தொட்டியில் விட்டிருந்த மீன், வாசலில் ஒரு வாளிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி.

"ஒரு தண்ணித் தொட்டிக்கு எவனாவது ஒன்றரை அடிக்குக் கான்கிரீட் போடுவானா? லாரியா நிறுத்தப் போறாங்கன்னு திட்டிக்கிட்டேதான் உடைச்சேன். அடியில... நீயே பாரு தங்கச்சி."

பார்த்தாள்.

எலும்பு... ஐந்து விரல் எலும்பு! ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரம்!

வெனிங் தன் கையைப் பார்த்தாள். அதே பச்சைக்கல். அம்மா ஜோடியாகச் செய்து மகள்கள் இரண்டு பேருக்கும் போட்டுவிட்ட மோதிரம்.

அலறல் சந்துக்குக் கேட்கக் கூடாது. தலைத்துணியை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

ருஸ்மினி! ஆறு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன அக்கா!

அன்றைக்கு அத்தான் மர்சுகி சொன்ன கதை இன்னும் சந்து முழுக்க ஓடுகிறது. 'மூணு மாசம் கப்பல்ல இருந்தேன். திரும்பி வந்தா குளியலறை புதுசா இருக்கு, பொண்டாட்டியைக் காணோம். கட்ட வந்த கொத்தனாரோட ஓடிட்டா!' வெனிங் அப்போது மாமியார் வீட்டில்; அக்கா போன பிறகுதான் மர்சுகி இருக்கும் இந்த அம்மா வீட்டுக்குக் குடிவந்தாள். யாரும் அந்தக் கொத்தனாரைப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து வெனிங்குக்குப் பேரே 'ஓடிப்போனவ தங்கச்சி'. தக்காளி வாங்கப் போனாலும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாலும் சிரிப்பு.

"ஓடலண்ணே..." வெனிங் குழியருகே உட்கார்ந்தாள். "எங்கக்கா எங்கயும் ஓடல. ஆறு வருஷமா அவ மேல நின்னு குளிச்சிருக்கோம்ணே!"

துகிமான் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

வெனிங் ரகசியமாகப் போன் செய்ய, இன்ஸ்பெக்டர் சுரோசோ சாதாரண சட்டையில் வந்தார். குழியைப் பார்த்தார். வெனிங்கைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் புகார் குடுக்க வந்தப்ப, ஓடிப்போனவளைத் தேடறதைத் தவிர போலீஸுக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டீங்களே சார்... ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா..."

"இப்ப நானே தேடிக் குடுத்துட்டேன். போய்ப் புடிங்க அவனை!"

"புடிச்சா என்ன சொல்வான் தெரியுமா?" சுரோசோ பெருமூச்சு விட்டார். "'அந்தக் கொத்தனார் பாவி கொன்னு புதைச்சிட்டானே'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவான். 'நான் கடல்ல இருந்தேன்'பான். இல்லைன்னு சொல்ல அந்தக் கப்பலும் இல்லை, மறு வருஷமே மூழ்கிடுச்சு. பீங்கான், தொட்டி, எலும்பு... எல்லாம் ஒரே கான்கிரீட். இந்தத் தரையைப் போட்டது மர்சுகிதான்னு யாரு சொல்வா?"

வெனிங் பல்லை நறநறவென்று கடித்தாள்.

டிரிங்... டிரிங்...

அவள் போன்! மர்சுகியின் பெயர்!

"வெனிங்... நாளைக்குக் காலையில பொண்ணோட அப்பாவைக் கூட்டிட்டு வரேன். ஹாஜி முக்லாஸ், பெரிய மனுஷன். வீட்டைப் பாக்கணுங்கறார். சுத்தமா வை."

மூன்று நாளாகப் பக்கத்து ஊரான கிரெசிக்கில் உட்கார்ந்து இரண்டாம் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறான். வெனிங்குக்குக் காது சுட்டது. போனைச் சுவரில் அடித்து நொறுக்கத் தோன்றியது.

"வாங்கத்தான்... எல்லாம் சுத்தமாயிடும்."

வைத்தாள்.

"கேட்டீங்களா சார்? அக்காவைப் புதைச்ச எடத்துலயே அடுத்தவளையும் குளிக்க வைக்கப் போறான்! இவனெல்லாம் தினம் பாங்கு சொல்றான், ஊரே எழுந்து நின்னு சலாம் போடுது!"

அதுவரை கக்கூஸ் பீங்கானையே முறைத்துக்கொண்டிருந்த துகிமான் மெல்ல நிமிர்ந்தார்.

"தங்கச்சி... இந்தப் பீங்கானைப் பாத்தியா?"

அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வெனிங்கின் கண்கள் அகலமாயின. அவள் அதை சுரோசோவிடம் சொன்னாள்.

"அட!" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அவன் வாயால சொல்றப்ப நான் பக்கத்துல இருக்கணுமே. இந்த நாலடியில நான் எங்கம்மா ஒளியறது?"

"ஒளிய வேணாம் சார். சித்தாளா இருங்க."

மறுநாள் காலை பத்து மணி.

வாசலில் கிழிந்த பனியனும் தொப்பையுமாக ஒரு சித்தாள் சிமெண்ட் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ்! அது கலவையா, கஞ்சியா?" துகிமான் சீறினார். "இவ்ளோ தண்ணி விட்டா ஆடு குடிக்கும், டைல்ஸ் ஒட்டாது!"

"மன்னிச்சிடுங்க மேஸ்திரி," என்றார் இன்ஸ்பெக்டர் சுரோசோ. பிறகு குரலைத் தாழ்த்தி வெனிங்கிடம், "உங்கிட்டயும்தாம்மா... அன்னைக்கு நான்..."

"கலவையைக் குழைங்க சார்."

குழியின் மேல் பலகை போட்டு, சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கச் சந்தே கூடிவிட்டது. முன்வரிசையில் எதிர்வீட்டு வார்சினி. 'ஓடிப்போனவ' என்ற பேரை முதலில் வைத்த புண்ணியவதி.

மர்சுகி வந்தான். வெள்ளைத் தொப்பி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. கூடவே நரைத்த தாடியோடு ஹாஜி முக்லாஸ்.

உடைந்து கிடந்த தொட்டியைப் பார்த்ததும் மர்சுகியின் முகம் வெளிறியது. அடுத்த நொடி ரத்தமாய்ச் சிவந்தது.

"யாரைக் கேட்டுடி கை வச்சே?"

"எங்கம்மா வீடு அத்தான். அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி. எம் பாதியில கை வச்சேன்."

"தரையைத் தொட்டே, கொன்னுடுவேன்! நல்ல தரை! மேலயே டைல்ஸை ஒட்டிட்டுப் போகச் சொல்லு!"

"அதெப்படிங்க முடியும்?" துகிமான் தலையைச் சொறிந்தார். "பீங்கானைப் பேத்துத் திருப்பியாகணுமே. கிப்லாவைப் பாத்துல்ல வச்சிருக்கு!"

கூட்டம் 'ஹா' என்றது!

மெக்காவின் திசையைப் பார்த்துக் கக்கூஸ் வைப்பதா? அந்தச் சந்தில் எந்தக் கொத்தனாரும் செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் திசையைத்தான் கேட்பார்.

"என்னய்யா சொல்றே?" ஹாஜி முக்லாஸ் துள்ளிக் குதித்தார்.

"நான் சொல்றது இருக்கட்டும், நீங்களே பாருங்க." துகிமான் தன் போனில் காம்பஸைத் திறந்து பீங்கானின் ஓரத்தில் வைத்து, கையால் பிடித்துக்கொண்டார். முள் சுற்றியது... ஆடியது... நின்றது.

பீங்கான் நேராக கிப்லாவைப் பார்த்தது!

ஹாஜியின் தாடி நடுங்கியது.

"அது... அந்த ஓடிப்போன கொத்தனார் நாய் வச்சது மாமா!" மர்சுகி அவசரமாகச் சொன்னான். "எனக்கென்ன தெரியும்? நான் கடல்ல..."

"வச்சது அவனாவே இருக்கட்டும்." வெனிங் குறுக்கே விழுந்தாள். "ஆறு வருஷமா உக்காந்தது யாரு அத்தான்? பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டு, நேரா வந்து இதுலதான உக்கார்றீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வெனிங்! வாயை மூடு!"

"அவ ஏன்யா மூடணும்?" ஹாஜி எகிறினார். "கப்பல்ல வேலை பாத்தவன்னு பீத்திக்கிட்டியே! ஆறு வருஷமா திசை தெரியலைன்னா நீ என்ன கப்பல்காரன்? இத்தனை நாள் எந்தப் பக்கம் பாத்துத் தொழுதே? எம் பொண்ணு இந்த வாசப்படியை மிதிக்க மாட்டா! கல்யாணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!"

சரக்கென்று திரும்பி நடந்தார். சந்து வழிவிட்டது. வார்சினி பக்கத்து வீட்டுக்காரியின் காதில் ஏதோ ஊதினாள்.

மர்சுகிக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது.

"நில்லுங்க மாமா! பொய்! அந்தப் போன் பொய் சொல்லுது! யாரைப் பாத்துத் திசை தெரியாதுங்கறீங்க? கப்பல் காம்பஸைக் கொண்டாந்து, நூல் புடிச்சு, எங் கையால நானே வச்ச பீங்கான் இது! ஒரு நூல்கூடத் தப்பாது!"

...

வாளிக்குள் மீன் துள்ளியது மட்டும் கேட்டது.

சித்தாள் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லு மர்சுகி. யாரு வச்சது?"

"சித்தாளுக்கு என்னடா திமிரு...?"

சுரோசோ இடுப்பிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நீதான் அப்ப கடல்ல இருந்தியே! கடல்ல இருந்துகிட்டே சுராபாயாவுல கக்கூஸ் கட்டுன மொத ஆளு நீதான்யா!"

வெனிங் சிமெண்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினாள். பலகையைத் தூக்கி எறிந்தாள். குழிக்குள் பச்சைக்கல் மினுங்கியது.

திரும்பி வந்த ஹாஜி முக்லாஸ் எட்டிப் பார்த்தார். "யா அல்லா!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மர்சுகி ஓடினான்!

மூன்றே எட்டு. நாலாவது எட்டில் இன்ஸ்பெக்டரின் கஞ்சிக் கலவையில் கால் வழுக்கியது. தொப்பென்று முகம் குப்புற விழுந்தான். எழுந்திருக்கும் முன்னால் கையில் விலங்கு ஏறிவிட்டது.

"நல்லவேளை, தண்ணி ஜாஸ்தியா விட்டேன்," என்றார் சுரோசோ.

"வீட்டை எம் பேருக்கு எழுதிக் குடுடின்னு கேட்டேன்..." சிமெண்ட் வழிந்த வாயோடு மர்சுகி முனகினான். "தங்கச்சிக்கும் பாதி உண்டுன்னா. புடிச்சுத் தள்ளினேன்... பழைய தொட்டியில மண்டை மோதிடுச்சு... வேணும்னு பண்ணல சார்..."

"வேணும்னு பண்ணாதவன் ஒன்றரை அடிக்குக் கான்கிரீட் போடுவானா?"

தனக்காகவா? தங்கச்சியின் பாதியை விட்டுத்தர மறுத்ததற்காகவா அக்கா செத்தாள்?

ஹாஜி மெல்ல துகிமானிடம் வந்தார். "ஆனா... அந்த முள்ளு? நான் கண்ணால பாத்தேனேய்யா!"

துகிமான் உள்ளங்கையை விரித்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம்!

"மன்னிச்சிடுங்க ஹாஜியாரே. முள்ளை இழுத்தது இதுதான், பீங்கான் சரியாத்தான் இருக்கு. மெக்கா மேற்கால, இது துல்லியமா வடக்கு தெக்கு. நேத்து அதைப் பாத்துத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நாங்க கொத்தனாருங்க பள்ளிவாசல் எந்தப் பக்கம்னு கண்ணால பாத்து, குத்துமதிப்பா விலக்கி வைப்போம். இப்படி நூல் புடிச்ச மாதிரி எந்தக் கொத்தனாரும் வைக்க மாட்டான். காம்பஸ் புடிச்சுப் பழகினவன் கை இது. 'தப்பு'ன்னு சொன்னா அந்தக் கை சும்மா இருக்காதுன்னு நெனைச்சேன்."

வார்சினி மெதுவாக நழுவப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?" வெனிங்கின் குரல் சந்தின் கடைசி வீடு வரை கேட்டது. "கொத்தனாரோட ஓடிட்டா, ஓடிட்டான்னு ஆறு வருஷம் சிரிச்சீங்களே! வாங்க! வந்து பாருங்க! அடுப்படியிலிருந்து குளியலறைக்கு... அவ்வளவு தூரந்தான் ஓடியிருக்கா எங்கக்கா!"

ஒருத்தரும் தலை நிமிரவில்லை. வார்சினி தன் தோளில் கிடந்த புது பத்திக் துணியை எடுத்து நீட்டினாள். வெனிங் அதை வாங்கவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்து அந்த விரல்களின் மேல் போர்த்தினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

சுரோசோ மர்சுகியைத் தூக்கி நிறுத்தினார். தலை முதல் கால் வரை சிமெண்ட். காயத் தொடங்கியிருந்தது.

"எரியுது சார்... ஒரு நிமிஷம்... உள்ள போய்க் கழுவிட்டு வந்துடறேனே..."

வெனிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குளியலறைக் கதவை மறித்து நின்றாள்.

"இங்க வேலை நடக்குது அத்தான். ஜெயில்ல போய்க் குளிச்சுக்குங்க... அங்க இதைவிட ரெண்டடி பெருசாம்!"