வெளுக்காத வரிசை

“வாசலையே சுவர் வச்சு அடைச்சிட்டீங்க, சரி. தட்ட வந்தவன் அப்புறம் எங்கடி போவான்?” என்று கணவர் ஒருநாள் காரில் கேட்டார்.

கோதுமை இலைக்குள் சாம்பல் நோய்ப் பூஞ்சணம் நுழைய வழிவிடும் மரபணுவை அவளுடைய ஆய்வுக்கூடத்தில் திருத்தியிருந்தார்கள். அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப்போய்த்தான் இந்தக் கேள்வி.

“உயிருள்ள இலை கிடைக்காட்டி பட்டினி கெடந்து செத்துப்போகும்.”

“ஐயோ பாவம்!” என்று சிரித்தார்.

இன்று காலை கண்ணாடிக் கூடத்தில் திருத்திய நாற்றுகள் பச்சையாக நின்றன. அதில் வியப்பில்லை. அவற்றின் பக்கத்தில் திருத்தாத நாற்றுகள் ஒரு வரிசை எப்போதும் இருக்கும். அது வெளுத்தால்தான் தூவிய நோய் உயிரோடு இருக்கிறது, சோதனை மெய் என்று பொருள். நேற்று மாவு கொட்டியதுபோல் வெளுத்திருந்த அந்த வரிசையும் இன்று யாரோ துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று பச்சையாக நின்றது.

“மீசை, நீ துடைச்சியா?” என்று, அங்கே எல்லோரும் அப்படியே கூப்பிடும் உதவியாளனைக் கேட்டாள்.

“சாப்பிட்ட மேசையவே துடைக்கிறதில்லன்னு வீட்ல தினம் திட்டு, மேடம். நான் போய் இதத் துடைப்பேனா?” என்றவன் சற்றுத் தயங்கினான். “நேத்து சாயங்காலம் உங்களக் கூட்டிட்டுப் போக வந்தப்ப உங்க வீட்டுக்காரர்தான் உள்ள நின்னாரு. நீங்க போன்ல இருந்தீங்க. அந்த வரிசைகிட்ட குனிஞ்சு, மெதுவா ஏதோ பேசிட்டிருந்தாரு.”

நேற்றுத் திரும்பும்போது அவர் வாயே திறக்காதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்று மாலை அவர் அழைத்துப்போக வரவில்லை. பஸ் பிடித்து வந்து கதவைத் திறந்தாள். கண்ணாடிக் கூடத்தின் அதே ஈர வாடை, நனைந்த இலையும் பூஞ்சணமும் கலந்த வாடை, தன் வீட்டுக் கூடத்தில் முகத்தில் அடித்தது. திரைச்சீலைகள் எல்லாம் விலகிக் கிடந்தன. அவர் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மங்கும் வெயிலை நோக்கிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாற்று சாய்வதுபோல்.

“ஏங்க, அந்தச் செடிய எதுக்குத் தொட்டீங்க?”

அவர் வெயிலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“பசிக்குதுன்னுச்சு,” என்றார்.

அவர் காதுக்குப் பின்னால் வட்டமாக ஒரு வெள்ளை. இலையில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே வட்டம். கைக்குட்டையால் துடைத்தாள். போய்விட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் பூத்தது. முன்னைவிடப் பெரிதாக.

அவர் எழுந்தார்.

நெருங்கி வந்தார். அவள் பின்வாங்கினாள். முதுகில் சுவர். அவருடைய விரல் உயர்ந்து அவள் தொண்டைக்குழியில் பட்டது. தட்டியது. மெதுவாக. மறுபடியும். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பவர்போல் காதைச் சாய்த்தார்.

வாயை இறுக மூடினாள். மூச்சையும் பிடித்தாள்.

எதிர்வீட்டில் பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே விளக்கெரிய, கதவு விரியத் திறந்து கிடந்தது.

அவர் வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.