பெரிய கேக் நாளில் குளிராத கார்

காலை பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்த அந்த வெள்ளை மின்சாரக் காரைப் பார்த்தால், அதில் பழுது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சத்தமில்லாமல் வந்து, கோடு போட்டது போல் நேராக நின்றது. ஓட்டி வந்த பெண்மணிதான் சரியாக இல்லை. கையில் மாவு காயாமல் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தவும் மறந்து இறங்கினார்.

"ஃப்யூஸ் அண்ணன்னு இங்க யாரு?"

கார்களின் மின்சார வேலை மட்டும் பார்ப்பவர் அவர். ஃப்யூஸ் போனால் உடனே புது ஃப்யூஸ் போடாமல், ஏன் போனது என்று கண்டுபிடித்த பிறகுதான் போடுவார் என்பதால் வந்த பெயர். பெஞ்சிலிருந்து எழுந்து, வந்தவருக்கு நாற்காலியை நகர்த்தினார். அவருடைய மனைவியின் தம்பியும் அங்கேதான் டிங்கர் வேலை பார்க்கிறார். நாற்பது வயதைத் தாண்டியும், ஒரு பிரச்சினை உள்ளே வந்தால் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வரும் ஆள்.

"நான் கேக் செஞ்சு ஹோட்டல்களுக்கு அனுப்புறேன்," என்றார் பெண்மணி. "காலைல ஆறே காலுக்கு வண்டி கிளம்பணும். இந்தக் கார்ல நேரம் குறிச்சு வெச்சா, இருபது நிமிஷம் முன்னாடியே தானா ஏசி ஓடி உள்ள குளுகுளுன்னு ஆகிடும். அதுக்காகத்தான் வாங்கினோம். எங்க ஷெட்டுக்கும் அடுப்பு ரூமுக்கும் ஒரே சுவர். விடிகாலைலயே கார் உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும்."

"அந்த டைமர் வேலை செய்யலையா?"

"தினமும் செய்யுது. முக்கியமான நாள்ல மட்டும் செய்யல!"

டிங்கர் மச்சானின் கண்கள் மின்னின. "மாமா, கேட்டீங்களா? வண்டிக்கு நாள் பார்க்கத் தெரியுது!"

"நீ கொஞ்சம் சும்மா இரு மச்சான். நீங்க சொல்லுங்கம்மா."

போன மாதம் மூன்றடுக்கு கேக்குகள் இரண்டு செய்தார்கள். முதல் முறை கார் கொதித்துக்கொண்டு நின்றது. டிரைவர் சாவி போட்டு ஏசியை ஓடவிட, இருபது நிமிடம் காத்திருந்து ஏற்றினார்கள், ஹோட்டலுக்குத் தாமதம். இரண்டாவது முறை தாமதத்துக்குப் பயந்து அப்படியே ஏற்றினார்கள். மேலடுக்கின் க்ரீம் வழியிலேயே சரிந்தது. சின்னச் சின்ன கேக்குகள் போன மற்ற நாட்களில் ஒருநாள்கூடத் தவறவில்லை. நாளைக் காலை மூன்றாவது பெரிய கேக்.

"டிரைவர்தான் காரணம்னு என் வீட்டுக்காரர் சொல்றார்," என்று குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி அவர் அஞ்சரைக்கே வந்து ஏசி போடுவார். டைமர் வந்ததுலேருந்து ஆறு பத்துக்கு வந்தா போதும். 'என் வேலைய ஒரு கடிகாரம் பார்க்குது'ன்னு ஒருநாள் சலிச்சுக்கிட்டார். அத மனசுல வெச்சுக்கிட்டு, பெரிய ஆர்டர் பார்த்து டைமரை அணைச்சு வெக்கிறாராம். நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். ஒம்பது வருஷமா இருக்கார்ணே. இதுவரைக்கும் ஒரு கேக்கைக்கூட உடைச்சதில்ல."

"நாளைக்கு அவரையே அஞ்சரைக்கு வரச் சொன்னா என்ன?"

"அவரே சொன்னார். 'திருடன் கையிலயே சாவியா'ன்னு இவர் ஒத்துக்கல."

ஃப்யூஸ் அண்ணன் தலையாட்டினார். "ஒத்துக்கிட்டாலும் கேக் மட்டும்தான் தப்பிக்கும். அவர் மேல விழுந்த பேர் அப்படியேதான் இருக்கும்."

சில நிமிடங்களில் ஏசி தொடங்கும்படி காரின் திரையில் ஒரு நேரத்தைக் குறித்தார். குறித்தபடி ஏசி ஓடியது. அணைத்துவிட்டு இன்னொரு முறை குறித்தார். அதுவும் ஓடியது. "பழுதே இல்லையே," என்று மச்சான் ஏமாந்து போனார். பெண்மணி மணி பார்த்தார். வீட்டில் அடுப்பில் கேக் இருந்தது.

"ரெண்டு கேள்விதாம்மா. அந்த ரெண்டு நாளும் டைமர் அணைஞ்சிருந்ததா?"

"இல்ல. முந்தின ராத்திரி எட்டு மணிக்கு என் போன்ல பார்த்தேன், வெச்சபடி இருந்தது. காலைல பார்த்தப்பவும் அப்படியேதான் இருந்தது. திரும்பப் போட்டு வெச்சுட்டார்னு இவர் சொல்றார்."

"போன்லயே காரைக் குளிர வெக்க முடியுமா?"

"பட்டன் அமுக்கினா போதும். என் போன், அவர் போன், மாமியார் போன், மூணுலயும் இருக்கு. டிரைவருக்கு மட்டும் குடுக்கல. சாவியும் ராத்திரி மாமியார் ரூம்லதான் மாட்டியிருக்கும். காலைல அவங்கதான் எடுத்துக் குடுப்பாங்க."

மாலை மூன்றரைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். கிளம்பும்வரை, பெண்மணி விட்டுச்சென்ற காரின் கையேட்டை மச்சான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "'கதவுகள் மூடியிருக்க வேண்டும்.' சரி. 'மின்கலத்தில் ஐந்தில் ஒரு பங்காவது சார்ஜ் இருக்க வேண்டும்.' ராத்திரி முழுக்கச் சொருகித்தான் வெக்கிறாங்க. 'காரை ஓட்டாமலே இரண்டு முறை குளிர வைத்தால், அதன் பின் ஓட்டிய பிறகே மீண்டும் குளிரும்.' 'நிழலில் நிறுத்துவது நல்லது.' அட, இது எங்க அக்காவுக்கே தெரியும்! இதுல ஒண்ணும் இல்ல மாமா. அந்த டிரைவர்தான்."

"உன் அக்காவுக்கு எல்லாம் தெரியும்," என்றார் ஃப்யூஸ் அண்ணன். "கையேட்டை எடுத்துக்க."

பெண்மணியின் வீட்டு ஷெட்டின் பின்சுவரை ஃப்யூஸ் அண்ணன் தொட்டபோது நிஜமாகவே கை சுட்டது. கார் மதியச் சுற்று போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. டிரைவர் ஐம்பது வயதுக்காரர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"அந்த ரெண்டு நாளும் நீங்க வந்தப்ப வண்டிகிட்ட ஏதாவது வித்தியாசமா இருந்ததா?"

"உள்ள ஒரே சூடு. அவ்வளவுதான் சார்." பிறகு யோசித்தார். "தரைல தண்ணி இருந்தது. தினமும்தான் இருக்கும். ஆனா மத்த நாள்ல சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டு இருக்கும். அந்த ரெண்டு நாளும் சொட்டல. ஈரம் மட்டும் இருந்தது. ஓரமெல்லாம் காய ஆரம்பிச்சிருந்தது."

"நிறம், வாசனை?"

"ஒண்ணும் இல்ல, வெறும் தண்ணிதான் சார். பூனை வந்து நக்கிட்டுப் போச்சு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் உள்ளே பாய்ந்தார். "பார்த்தீங்களா? ஏசி ஓடினாத்தானே தண்ணி சொட்டும்! அப்போ விடிகாலைலயே வந்து ஏசி போட்டுக்கிட்டு உள்ள படுத்துத் தூங்கியிருக்கார். அப்புறம் டைமரை அணைச்சுட்டு ஆறு பத்துக்கு அப்போதான் வந்த மாதிரி வந்து நின்னிருக்கார்!"

டிரைவர் காரின் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

மச்சான் மாமாவின் காதருகே குனிந்தார். "நான் சொன்னேன்ல?"

"பாதி சரி," என்றார் ஃப்யூஸ் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏசி ஓடியிருக்கு. அதுல சந்தேகமே இல்ல. அம்மா, உங்க மாமியாரையும் கூப்பிடுங்க. எல்லாரும் போனை எடுத்துக்கிட்டு வாங்க."

கேக் வேலை நடக்கும் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மாமியார் மட்டும் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக ஷெட்டும் காரும் தெரிந்தன. நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ஃப்யூஸ் அண்ணன் காரில் நாலே முக்காலுக்குக் கிளம்புவதாக நேரம் குறித்துவிட்டு வந்தார்.

"அப்படின்னா நாலு இருபத்தஞ்சுக்கு ஏசி தானா ஓட ஆரம்பிக்கணும். மச்சான், மணியை நீ பார்த்துக்க. அம்மா, நீங்க இப்ப உங்க போன்ல பட்டனை அமுக்குங்க."

அமுக்கினார். ஷெட்டிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்தது. ஐந்து நிமிடத்தில் காருக்கடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நிறுத்தச் சொன்னார். பிறகு வீட்டுக்காரரை அமுக்கச் சொன்னார். மறுபடி இரைச்சல், மறுபடி நிறுத்தம்.

"இது என்ன விளையாட்டு?" என்றார் வீட்டுக்காரர்.

"காத்திருக்கிறதும் ஒரு வேலைதான் சார்."

நாலு இருபத்தைந்து ஆனது. மச்சான் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நாலு முப்பது. கார் அப்படியே நின்றது. சொட்டு நின்றிருந்தது; தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

"இப்ப நீங்க அமுக்குங்கம்மா," என்று மாமியாரிடம் சொன்னார்.

"எனக்கு எப்பவும் வராது," என்று மாமியார் சட்டென்று சொன்னார். சொன்ன பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தார்.

"அதைத்தான் கேக்கணும்னு நினைச்சேன்," என்றார் ஃப்யூஸ் அண்ணன் அமைதியாக. "மச்சான், கையேட்டுல ரெண்டு முறைன்னு ஒரு வரி வந்துதே, அதைப் படி."

மச்சான் பக்கத்தைத் தேடிப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் மெலிந்தது.

"இந்த வண்டியைச் செஞ்சவன் முட்டாள் இல்ல," என்று ஃப்யூஸ் அண்ணன் ஆர்வமாக விளக்கினார். "ஒருத்தர் வண்டியைக் குளிர வெக்கிறார், வரல. மறுபடி குளிர வெக்கிறார், அப்பவும் வரல. அப்போ அவர் வரப்போறதில்ல, சார்ஜை வீணாக்க வேண்டாம்னு வண்டி முடிவு பண்ணுது. பத்து நிமிஷம் ஓடுச்சா, ரெண்டு நிமிஷம் ஓடுச்சான்னு அது பார்க்காது. எத்தனை தடவைன்னு மட்டும் எண்ணும். ஓட்டினாத்தான் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும். சாவி போட்டா ஏசி எப்பவும் ஓடும், இந்தக் கணக்கு டைமருக்கும் போனுக்கும் மட்டும்தான். என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டு வந்தீங்க, அதனால ரெண்டு தடவை ஓடுச்சு. மூணாவதா ஒரு தடவை நான் பார்த்திருந்தா அங்கேயே மாட்டியிருக்கும்."

"அதுக்கும் இவருக்கும் என்ன?" என்றார் வீட்டுக்காரர். குரலில் பழைய உறுதி இல்லை.

"விடிகாலைல ஏசி ஓடியிருக்கு. சாவி உங்க அம்மா ரூம்ல. அப்போ போன்லதான் ஓடியிருக்கணும். இந்த வீட்டுல அந்தப் பட்டன் இல்லாத ஒரே ஆள் டிரைவர்தான். நீங்க யாரைப் பிடிச்சீங்களோ, அவரால மட்டும்தான் இதைச் செய்ய முடியாது."

பெண்மணி முதலில் ஒப்புக்கொண்டார். "பெரிய கேக்குன்னா எனக்குத் தூக்கமே வராது. மூணரைக்கு அடுப்பு மூட்டுறப்ப ஒரே ஒரு தடவ அமுக்கிப் பார்த்தேன். ஓடுதா இல்லையான்னு. ஓடுச்சு, நிறுத்திட்டேன். இவர்கிட்ட சொன்னா 'நான் வெச்ச டைமர் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கேட்பார்."

எல்லோரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நாலரைக்கு எழுந்தப்ப... ஒரு தடவதான். டிரைவர் அணைச்சு வெச்சிருந்தா தெரிஞ்சிடுமேன்னு பார்த்தேன்."

"நான் அஞ்சு மணிக்கு," என்றார் மாமியார். "ரெண்டு நாளும் வரவேயில்ல."

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்று மகன் கத்தினார்.

"போன தடவை டிவி ரிமோட் வேலை செய்யலன்னப்ப யாரைத் திட்டினே? இதையும் நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவே. அதான் பேசாம வந்து படுத்துக்கிட்டேன்."

மச்சானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகளும் சிரித்துவிட்டு, டிரைவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சின்ன கேக் நாள்ல யாருக்கும் கவலையில்ல, யாரும் அமுக்கல, டைமர் தன் வேலையைப் பார்த்தது," என்று முடித்தார் ஃப்யூஸ் அண்ணன். "பெரிய கேக் நாள்ல ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் சோதிச்சுச் சோதிச்சே அந்த ரெண்டு தடவையையும் தீர்த்துட்டீங்க. வண்டில பழுது இல்ல. டைமரைத் திரும்ப ஆறே காலுக்கு வெச்சு, இப்ப ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து கணக்கைப் பூஜ்ஜியமாக்கிட்டு, அதுக்கப்புறம் யாரும் தொடாம இருந்தா போதும்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். டிரைவரை நேராகப் பார்க்காமல், "சரி, நாளைக்கு வழக்கம் போல வந்துடுங்க," என்றார்.

"வரேன் சார்," என்றார் டிரைவர். "ஒரே ஒரு விஷயம். உங்க மூணு பேர் போன்லேருந்தும் அந்தப் பட்டனை எடுத்துடுங்க. என் போன்ல போட்டுக் குடுங்க."

மச்சான் மாமாவைப் பார்த்தார். மாமா கையேட்டை மூடி வைப்பதில் கவனமாக இருந்தார். மாமியார்தான் முதலில் போனை மேசை மேல் வைத்தார். மருமகள் அடுத்து வைத்தார். வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் விடியும் முன்பே மச்சான் ஃப்யூஸ் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். "மாமா, போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமா? வெளியிலேருந்துதான்."

"அதுவும் சோதிக்கிறதுதான். உள்ள வா, காபி குடி."

ஏழரைக்குப் போன் வந்தது. பெண்மணிதான். கேக் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அஞ்சு அம்பத்தஞ்சுக்கு ஏசி ஓடும் சத்தம் கேட்டதாம். அதுவரை மூன்று பேரும் சமையலறையில் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்களாம்.

"வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா அவர்கிட்ட?"

"மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்க வராதுண்ணே. பின்னாடி ஏறி உட்கார்ந்து, கேக் பெட்டியைக் கைல பிடிச்சுக்கிட்டு ஹோட்டல் வரைக்கும் போயிருக்கார். 'மெதுவா, மெதுவா'ன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாராம். டிரைவர் திரும்பிப் பார்த்து, 'சார், நான் ஓட்டுறேன், நீங்க பேசாம வாங்க'ன்னாராம். அதுக்கப்புறம் இவர் வாயே திறக்கலையாம்."