கொற்றவை தொட்ட கை

மேற்கே குன்றுகளுக்குப் பின்னால் கதிரவன் மறைந்து, கிழக்கே வெண்மதி மெல்ல எழுந்த வேளையில், பொன்னும் வெள்ளியும் கலந்தாற்போல் ஓடிய தென்பெண்ணையின் எழிலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால், அன்பு வாசகர்களே, நம் வீரன் விடங்கனுக்கு அதற்கெல்லாம் மனம் ஏது? நெடுவயல் நாட்டின் முதன்மை மல்லனான அவன், பாசறையை விட்டு விலகி, நாணற்புதர் மறைவில் அமர்ந்து தன் வலக்கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அன்றைய பயிற்சியில் எதிராளி அவன் தோளைக் கீழே அழுத்த, கழுத்து மறுபக்கம் வெடுக்கென்று சாய்ந்தது. அவ்வளவுதான்! கழுத்திலிருந்து விரல் நுனிவரை தீ ஓடிற்று. கை துவண்டு தொங்கிற்று. சுற்றி நின்றவர்கள் பதறி ஓடிவந்தார்களா? அதுதான் இல்லை! "கொற்றவை தொட்டுவிட்டாள்!" என்று ஆரவாரம் செய்தார்கள். தேவி தொட்டால்தான் கையில் அப்படித் தீ ஓடும் என்பது அந்நாட்டு மல்லர்களின் நம்பிக்கை. ஆற்றுத் துறை நெடுவயலுக்கா, எதிர்க்கரைக் கருங்குன்றத்துக்கா என்பதை ஆளுக்கொரு மல்லனை மோதவிட்டுத் தீர்த்துக்கொள்ள இரு நாட்டு வேளிரும் இசைந்தபோது, பலமுறை தேவி தொட்ட விடங்கனை நெடுவயலார் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

அந்த மற்போர் நாளைக் காலையில். முன்பெல்லாம் சற்று நேரத்தில் திரும்பிவிடும் வலிமை இன்று இன்னும் திரும்பவில்லை.

"மருத்துவர் எண்ணெய் கொடுத்தனுப்பினார்" என்று ஒரு குரல் கேட்டது. முக்காடிட்ட பெண்ணொருத்தி கையில் கலயத்துடன் நின்றாள்.

"வைத்துவிட்டுப் போ, அம்மா."

"தாங்களே வாங்கிக்கொள்ளலாமே? வலக்கையால்."

விடங்கன் கை நீட்டினான். கலயம் பிடியில் நில்லாமல் நழுவி உருண்டது.

"நினைத்தேன்!" என்றாள் அவள். "வீரரே, தேவியும் தொடவில்லை, பூதமும் தொடவில்லை. கழுத்து நரம்பு அடிபட்டிருக்கிறது. இன்னும் ஓர் அடி விழுந்தால் இந்தக் கை திரும்பாமலே போய்விடும்."

"மருத்துவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இவ்வளவு தெரியுமா?"

"கண்ணால் கண்டவளுக்குத் தெரியாதா? என் அண்ணனையும் இப்படித்தான் தொட்டாள் உங்கள் தேவி! இன்று அவன் தோள் வற்றிவிட்டது. சோற்றுக் கவளத்தைக்கூட நான்தான் ஊட்டுகிறேன்."

"யார் உன் அண்ணன்?"

அவள் முக்காட்டை விலக்கினாள். நிலவொளியில் அந்த முகத்தைக் கண்ட விடங்கன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

"நாளை உம்மோடு மோதப்போகும் வயிரமேகன். நான் கருங்குன்றத்து வேளின் மகள், பூதிநங்கை."

"அடடா, நல்ல தந்திரம்! நான் விலகினால் துறை உங்களுக்கு. அதற்குத்தானே இந்த நாடகம், இளவரசி?"

"இருவருமே களம் இறங்காவிட்டால் துறை இரு நாட்டுக்கும் பொது. அதுதானே உடன்படிக்கை? நீர் இறங்காவிட்டால் என் அண்ணனும் இறங்கமாட்டான். இது என் உயிர்மேல் ஆணை! எங்கள் நாட்டாரே அறியாத அவனுடைய குறையைப் பகைவரான உம்மிடம் சொல்லிவிட்டேனே, இதைவிட வேறென்ன பிணை தருவேன்?"

விடங்கன் மனம் இளகியது. இளகியதற்காகத் தன்னைத்தானே கடிந்தும்கொண்டது. பொல்லாத மனம்! அதற்குள் பாசறைப் பக்கம் தீவட்டி ஒளி தெரிந்தது. "போய்விடுங்கள், இளவரசி!" என்று அவள் வந்த படகிலேயே அவளை ஏற்றி, இடக்கையால் அதை நீரில் தள்ளினான்.

படைத்தலைவர் ஓரிப் பெருந்தரையர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"யாரடா அது? ஒற்றனா? எறி வேலை!" என்று தம் வேலை விடங்கனின் வலக்கையில் திணித்தார்.

எறிய அவன் எண்ணினானா? சத்தியமாக இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் அவசியம் நேரவில்லை. வேல் மணலில் விழுந்தது; கை தொங்கிற்று. பெருந்தரையரின் முகம் மலர்ந்தது.

"கொற்றவை மறுபடியும் தொட்டுவிட்டாளா! ஒற்றன் போனால் போகட்டும். நாளை வெற்றி நமதே!"

"இல்லை, ஐயா" என்றான் விடங்கன். "இந்தக் கை செத்துக்கொண்டிருக்கிறது. நாளை நான் களம் இறங்கமாட்டேன். வயிரமேகனும் இறங்கமாட்டான்."

"யார் சொன்னது?"

"அதோ போகிறாளே, அவன் தங்கை."

"பகைவன் மகளா? அவள் பேச்சை நம்பியா நாட்டை அடகு வைக்கிறாய்? ஏமாற்றிவிட்டால்?"

படகு நடு ஆற்றைத் தாண்டிவிட்டது. விடங்கன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏமாற்றினால் துறை போகும், என் பெயரும் போகும். தாங்கள் என்னைக் கோழை என்றே ஊரறியச் சொல்லலாம். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. எனக்கு என் கை வேண்டும்" என்றான். அந்த மாமல்லன் அழுததைப் பெருந்தரையர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.