ஹம்ஸினி கேட்ட ஆழம்

இரண்டு பெட்டிகளோடும் ஒரு ரோஜாத் தொட்டியோடும் ஷோபா அந்த நான்காம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஹைதராபாத்தின் குஷாய்குடா முழுவதும் மே மாத வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பதிவுத் திருமணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பத்ரி பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு, "ஹம்ஸினி, யாரு வந்திருக்காங்க பாரு," என்றான்.

கூடத்து மேசையருகே உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஹாய் ஆன்ட்டி," என்றாள். அவ்வளவுதான்.

ஷோபா அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு அந்தமான் கடலில் இந்தக் குழந்தையின் அம்மா ருக்மிணி அலையில் போய்விட்டாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஹம்ஸினி தமிழே பேசுவதில்லை. கேட்டால் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும், இல்லையென்றால் இங்கிலீஷில்.

வீட்டுக்குள் ஏர்கூலர் கடகடத்துக்கொண்டிருந்தது. அதன் காற்றில் ஏதோ வாடை. அழுகிய பாசி, ஈரத்துணி, மீன் செதில். தண்ணீர் மாற்றிப் பல நாள் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் ஷோபா.

அன்று மாலையே பத்ரி விஷயத்தைச் சொன்னான். "லீவுக்கு அந்தமான் போகணும்னு ஹம்ஸினி கேக்கறா. இத்தனை வருஷத்துல வாயத் திறந்து கேட்ட ஒரே ஆசை. டிக்கெட் எடுத்துட்டேன். அங்க போய் என்னென்ன பண்ணலாம்னு நீதான் பிளான் போடணும். உன் வேலையே அதுதானே?"

பேகம்பேட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் ஷோபாவுக்கு அதுதான் வேலை. ஊர் ஊராகக் குடும்பங்களைத் தீவுகளுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். ஆனாலும் அவள் தயங்கினாள். "அதே கடலுக்காங்க?"

"அவளே கேக்கறாளே," என்றான் பத்ரி. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை பத்ரி வேலைக்குப் போனபின் குழந்தையோடு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கரையை ஒட்டியே எல்லாம் இருக்கட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். மணல் வீடு கட்டலாம். சுண்ணாம்புக் குகை பார்க்கலாம். படகின் அடியில் கண்ணாடி பதித்திருப்பார்கள், நனையாமலே பவளமும் மீனும் பார்க்கலாம்.

ஹம்ஸினி படத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

"அக்கட லோத்து லேது, ஆன்ட்டி."

அங்கே ஆழம் இல்லையாம்.

"ஆழம் எதுக்கும்மா உனக்கு? சரி, ஸ்நார்க்கலிங் பாரு. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு..."

மறுபடியும் காலி நாற்காலி.

"ஜாக்கெட் வத்து," என்றாள் குழந்தை. ஜாக்கெட் வேண்டாம். "அம்மகி நச்சலேது."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. உள்ளே ஷோபாவின் முழங்கை மயிர் குத்திட்டு நின்றது. அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் இருக்கை, யாரோ எழுந்திருக்கும்போது விடுகிற சத்தத்தோடு மெல்ல நிமிர்ந்தது.

அவள் எழுந்து போய்க் கூலரைத் திறந்தாள். தொட்டியில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

இரவுச் சாப்பாட்டின்போது பத்ரியிடம் சொன்னாள். அவன் தட்டை நகர்த்திவிட்டான்.

"நீ வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள செத்துப்போனவளோட சண்டையா? கொழந்தை இப்பத்தான் சிரிக்கறா, ஷோபா. கெடுக்காதே."

"அவ யாரோடயோ பேசறாங்க. நான் பொய் சொல்றேனா?"

"கொழந்தைங்க பேசும். எதுக்கு இத்தனை பயம் உனக்கு?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். இரவெல்லாம் யோசித்துக்கொண்டே கிடந்தாள். ஆழமான இடம். ஜாக்கெட் இல்லாமல். இப்படி எந்த அம்மா கேட்பாள்?

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொன்னாள். பத்ரி கிளம்பியதும் லேப்டாப்பைத் திறந்து, வேலைப் பழக்கத்தில் கேட்டு வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு அவன் கணக்குக்குள் நுழைந்தாள். அந்தமான் டிக்கெட்டுகள் திரையில் வந்தன. இதை ரத்து செய்துவிட்டு அரக்குப் பள்ளத்தாக்குக்கு ரயில் போட வேண்டும். மலை, காபித் தோட்டம், குளிர். பத்ரி கத்தினால் கத்தட்டும்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"ஏட்டி."

குரல் ஹம்ஸினியுடையதுதான். ஆனால் அது தமிழ். ஹைதராபாத்தில் வளர்ந்த குழந்தைக்கு வராத, தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ். ருக்மிணியின் ஊர்.

"மலைக்கா கூட்டிட்டுப் போவப் பாக்குத? எம்பிள்ள தண்ணிக்குத்தான் வருவா."

ஷோபா திரும்பினாள். குழந்தை சுவரோரம் நின்றிருந்தாள். வாய் மட்டும்தான் அசைந்தது. கண்கள் அழுதுகொண்டிருந்தன.

"ஹம்ஸினி... கண்ணா, இங்க வா."

"அவள விட்டுரு. ஒனக்கு வேணும்னா நீ பெத்துக்கிடு."

ஷோபா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

வாய்க்குள் தண்ணீர் வந்தது.

கரிக்கும் தண்ணீர். தொண்டையிலிருந்து பொங்கி மேலே வந்தது. துப்பினாள். மறுபடி நிறைந்தது. மூக்கில் ஏறியது. மூச்சு இழுத்தால் தண்ணீர்தான் உள்ளே போயிற்று. மார்பு நெருப்பாக எரிந்தது. கூலர் கடகடத்துக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே தர்பூசணி வண்டிக்காரன் கூவிக்கொண்டிருந்தான், அவள் நான்காம் மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி மூழ்கிக்கொண்டிருந்தாள்.

கண் இருட்டியது.

தலைமுடிக்குள் விரல்கள் நுழைந்தன. குளிர்ந்த, ஊறிப்போன விரல்கள். தலையை அழுத்தின.

கீழே. இன்னும் கீழே.

மேசைமேல் துழாவிய அவள் கை லேப்டாப்பைத் தொட்டது. திரை மங்கலாகத் தெரிந்தது. ரத்து செய்ய எங்கே அழுத்த வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியும், ஆயிரம் பேருக்கு அழுத்தியிருக்கிறாள்.

அழுத்தினாள்.

காற்று உள்ளே வந்தது. தரையில் விழுந்து இருமினாள். வாயிலிருந்து தண்ணீரோடு கறுப்பு மணலும் பாசித் துணுக்கும் வெளியே வந்தன. ஹம்ஸினி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"ஆன்ட்டி," என்றாள் தன் சொந்தக் குரலில். "ஆகலேஸ்துந்தி." பசிக்கிறதாம்.

ஷோபா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை முதல் முறையாக விலகாமல் இருந்தாள்.

பத்ரி வந்தபோது தரையை அவள் துடைக்காமல் வைத்திருந்தாள். அவன் மணலைத் தொட்டுப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அலை ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போச்சு," என்றான் கடைசியில். "நான் கொழந்தையோட ஒரு கையைப் பிடிச்சேன். இன்னொரு கையை ருக்மிணி பிடிச்சிருந்தா. விடுடீன்னு கத்தினேன். விடல. என்னைப் பார்த்துக்கிட்டே உள்ள இழுத்தா. நான் பிடுங்கினேன், ஷோபா. அவ விரலை ஒண்ணொண்ணா பிரிச்சேன்."

"நக்கோங்க, வேண்டாம்," என்றாள் ஷோபா மெல்ல. "இனிமே எந்தக் கடலும் நமக்கு நக்கோ."

"ஹவ்," என்று தலையாட்டினான்.

அதன்பின் வீட்டில் அந்த வாடை இல்லை. ஷோபா பூஜை எதுவும் செய்யவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. காலி நாற்காலியைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டாள். ஹம்ஸினி அவளோடு சேர்ந்து மாம்பழம் சாப்பிட்டாள், ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். வாரக் கடைசிக்குள் ஷோபா பாதி மறக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மத்தியானம். பத்ரி குளித்துக்கொண்டிருந்தான். அடுக்களையில் சாம்பாரை இறக்கி வைத்தபோது ஷோபாவின் போன் ஒலித்தது. அந்தக் குடியிருப்பில் யார் வந்தாலும் வாட்ச்மேன் வாசலில் பெயரைப் பதிவு செய்வார். வீட்டுக்காரர்கள் போனில் அனுமதித்தால்தான் உள்ளே விடுவார்.

வாசலில் விருந்தினர்: ருக்மிணி.

மறுப்பு என்ற சிவப்புக் கட்டத்தை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது என்று வந்தது.

இன்டர்காமை எடுத்தாள். "வாட்ச்மேன்! யாரையும் மேல விடாதீங்க!"

"சார் போன்லேர்ந்து ஓகே வந்துச்சே மேடம்," என்றார் அவர். "அந்தம்மா மேல வந்துட்டாங்க. எங்கேர்ந்து வராங்களோ பாவம், தொப்பலா நனைஞ்சிருக்காங்க."

கூடத்துக்கு ஓடினாள். பத்ரியின் போன் சோபாவில் கிடந்தது. ஹம்ஸினி எம்பி நின்று தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்!"

கதவு திறந்துவிட்டது. வெளியே வெயில் விழுந்த வராந்தா. யாரும் இல்லை.

ஹம்ஸினி ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.